கேள்வி எழுதிய பாதி

தமிழ்நாட்டின் பல ஓட்டல்களில் கல்லாவுக்கு மேலே ஒரு வாசகம் தொங்கும். நிறை இருந்தால் நண்பர்களிடம் சொல்லுங்கள், குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். கடைக்குக் கடை சொற்கள் கொஞ்சம் மாறும். நிறை, குறை என்ற எதுகை மட்டும் மாறாது. வியாபாரம் அறிந்த யாரோ எழுதிய வாசகம் அது. நல்ல சொல் தெருவுக்குப் போனால் நாலு பேர் வருவார்கள்; கெட்ட சொல் உள்ளேயே நின்றால் நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம். எனக்கு அந்த வாசகத்தின் மேல் மரியாதை உண்டு. குறையைக் கேட்கத் தயாராக இருப்பதாக ஒருவர் எழுத்தில் ஒப்புக்கொள்கிறார், அது சின்ன விஷயமல்ல.

ஆனால் வருகிற எல்லோரும் அந்தப் பலகை சொன்னபடியே நடந்தால் என்ன ஆகும்? முதலாளியின் காதுக்குக் குறை மட்டுமே வந்து சேரும். வருஷக்கணக்காகச் சாம்பார் ஒரே பதத்தில் இருந்தது என்பதை அவர் எந்த நோட்டிலும் படிக்கமாட்டார். ஒரு மத்தியானம் உப்புக் கூடியது மட்டும் தேதியோடு எழுத்தில் நிற்கும். மாஸ்டரைக் கூப்பிட்டுப் பேசும்போது முதலாளியின் கையில் இருக்கும் ஆதாரம் அந்த ஒரு மத்தியானம்தான்.

பொது இடங்களிலும் நம்முடைய ஏற்பாடு ஏறக்குறைய இதுவே. ரயில் நிலையத்தில் புகார்ப் புத்தகம் உண்டு. ஆலோசனையும் எழுதலாம் என்று சேர்த்துச் சொல்வார்கள், பாராட்டுக்குப் பெயரில் இடமில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடப்பது மக்கள் குறைதீர்க்கும் நாள். 1986இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாடு என்பதற்கு வரையறை தந்தது. மாவட்டத்தில் வழக்கைக் கேட்கும் அமைப்புக்கே நுகர்வோர் குறைதீர் மன்றம் என்று பெயர் இருந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அது ஆணையம் ஆயிற்று, குறைதீர் என்ற சொல் அப்படியே நின்றது. இவை எல்லாம் தேவையானவை. ஏமாற்றப்பட்டவனுக்கு முதலில் வேண்டியது புகார் சொல்ல ஓர் இடம். நான் கவனிப்பது வேறொன்று. வாயைத் திறப்பதற்கு முன்பே எந்தச் சொல்லில் பேசவேண்டும் என்று வாசலில் எழுதிவைத்துவிடுகிறோம். உள்ளே போகிறவர் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுதான் போகிறார்.

வாடிக்கையாளர் கருத்து என்று இன்று நாம் சேகரிப்பது அனைத்தும் வாடிக்கையாளருடையது என்று நம்புகிறோம். பாதிதான் அவருடையது என்பது என் எண்ணம். மீதிப் பாதியைக் கேட்டவரின் வாக்கியம் எழுதியிருக்கிறது.

இது பழைய கண்டுபிடிப்பு. 1941இல் டொனால்ட் ரக் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு சிறிய கட்டுரையை வெளியிட்டார். ஜனநாயகத்துக்கு எதிரான பொதுப் பேச்சுகளை அமெரிக்கா அனுமதிக்க வேண்டுமா என்று ஒரு பிரிவினரிடம் கேட்டார்கள். 75 சதவீதத்தினர் அனுமதிக்கக் கூடாது என்றார்கள். அத்தகைய பேச்சுகளை அமெரிக்கா தடை செய்ய வேண்டுமா என்று அதே மாதிரியான இன்னொரு பிரிவினரிடம் கேட்டபோது தடை செய்ய வேண்டும் என்றவர்கள் 54 சதவீதம்தான். அனுமதிக்காமல் இருப்பதும் தடுப்பதும் நடைமுறையில் ஒரே காரியம். ஆனாலும் தடை என்ற சொல்லுக்குக் கை தூக்கப் பலருக்குக் கூச்சம். அனுமதி இல்லை என்று சொல்வதில் அந்தக் கூச்சம் இல்லை. 21 சதவீதப் புள்ளிகள் ஒரே ஒரு வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு இடம் மாறின.

சொல்லைக்கூட விட்டுவிடலாம், எண்ணும் இதையே செய்யும். நோர்பர்ட் ஷ்வார்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என் மனத்தை விட்டுப் போவதில்லை. வாழ்க்கையில் எவ்வளவு வெற்றி பெற்றிருக்கிறீர்கள் என்று ஜெர்மனியில் பெரியவர்களிடம் கேட்டார்கள். பதில் சொல்லப் பதினொரு படிகள் கொண்ட அளவுகோல். ஒரு பிரிவினருக்கு அது 0இலிருந்து 10 வரை போயிற்று. மற்றப் பிரிவினருக்கு −5இலிருந்து +5 வரை. இரண்டிலும் அடிப்படியில் எழுதியிருந்தது ஒன்றே, கொஞ்சமும் வெற்றி இல்லை. உச்சிப்படியில் எழுதியிருந்ததும் ஒன்றே. முதல் பிரிவில் 34 சதவீதத்தினர் அளவுகோலின் கீழ்ப்பாதியில், அதாவது 0க்கும் 5க்கும் இடையில், தங்களை நிறுத்திக்கொண்டார்கள். இரண்டாம் பிரிவில் கீழ்ப்பாதியைத் தொட்டவர்கள் 13 சதவீதம் மட்டுமே.

காரணம் யோசித்தால் புரிகிறது. 0 என்பதைப் பார்க்கிறவர் பெரிய வெற்றி எதுவும் இல்லை என்று படிக்கிறார். அதற்குக் கொஞ்சம் மேலே 3 என்றோ 4 என்றோ சொல்வதில் அவமானம் எதுவும் இல்லை. அதே படியில் −5 என்று எழுதியிருந்தால் அது தோல்வி என்று படிக்கப்படுகிறது. தன் வாழ்க்கையைத் தோல்வி என்று யார் எழுதித் தருவார்கள்? வெற்றியின் இன்மையும் தோல்வியின் இருப்பும் மனசுக்கு வெவ்வேறு என்பதை ஒரு கழித்தல் குறி காட்டிக்கொடுத்தது. அந்த மனிதர்கள் வாழ்ந்த வாழ்க்கை எதுவும் மாறிவிடவில்லை.

இப்போது நம் கைப்பேசிக்கு வருவோம். சாப்பாடு வந்து சேர்ந்ததும், வங்கியோடு பேசி முடித்ததும், குளிர்சாதனப் பெட்டியைப் பழுது பார்த்தவர் படியிறங்கியதும் ஒரு கேள்வி வருகிறது. எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10 வரை சொல்லுங்கள். 2003இல் ஃபிரெட் ரைக்கெல்ட் ஒரு நிர்வாக இதழில் முன்வைத்த கணக்கு இது, உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. 9, 10 கொடுத்தவர்கள் புகழ் பரப்புகிறவர்கள். 7, 8 எந்தக் கணக்கிலும் சேராது. 0 முதல் 6 வரை கொடுத்த அத்தனை பேரும் பெயரைக் கெடுக்கிறவர்கள். முதல் வகையின் சதவீதத்திலிருந்து மூன்றாம் வகையின் சதவீதத்தைக் கழித்தால் வருவது அந்த நிறுவனத்தின் மதிப்பு.

நம் ஊரில் 35 எடுத்தால் தேர்ச்சி, 60 எடுத்தால் முதல் வகுப்பு. அந்தக் கணக்கில் படித்து வளர்ந்த ஒருவர் 6 கொடுக்கும்போது முதல் வகுப்புதான் கொடுக்கிறார். 8 கொடுத்தால் தாராளமாகவே கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறார். நூற்றுக்கு நூறு என்பது கணக்குப் பாடத்துக்கு உரியது, மனிதர்கள் செய்த வேலைக்கு எப்படி முழு மதிப்பெண் போடுவது என்பது அவருடைய நியாயம். மறுமுனையில் அந்த 6 பழியாகவும், 8 வெறும் மௌனமாகவும் பதிவாகிறது. வெயிலில் மூன்றாம் மாடிக்கு ஏறிவந்த பையனுக்கு நாலு நட்சத்திரம் போட்ட பெரியவர் அவனைப் பாராட்டியதாகவே நம்புகிறார். அவனுடைய சராசரி அன்றைக்கு இறங்கியிருக்கும். இதை அந்தப் பெரியவரிடம் யாரும் சொல்வதில்லை. இது என்னை உண்மையாகவே வருத்துகிறது. ஏனென்றால் இங்கே தீமை செய்ய நினைத்தவர் ஒருவரும் இல்லை. நல்லெண்ணம் ஒரு பாஷையில் புறப்பட்டு வேறொரு பாஷையில் போய் இறங்கிவிட்டது.

எண்ணை விட்டுச் சொற்களுக்கு வந்தால் சிக்கல் இன்னும் ஆழமானது. நல்ல சொல்லும் கெட்ட சொல்லும் தராசின் இரண்டு தட்டுகள் அல்ல. நன்றாக இல்லை என்றால் மோசம் என்றே பொருள்; அதில் யாருக்கும் சந்தேகம் வராது. மோசமில்லை என்றால் நன்றாக இருந்தது என்று பொருளா? இல்லை. எதிர்பார்த்த அளவுக்குக் கெடவில்லை என்று மட்டுமே பொருள். நல்லதை மறுத்தால் கெட்டதில் போய் விழுகிறோம். கெட்டதை மறுத்தால் நல்லதை எட்டுவதில்லை, நடுவில் எங்கோ நின்றுவிடுகிறோம்.

கருத்துகளை எடைபோடும் கணினிக் கருவிகளில் புகழ்பெற்ற ஒன்று வேடர். 2014இல் சி. ஜே. ஹட்டோவும் எரிக் கில்பர்ட்டும் ஆங்கிலத்துக்காக உருவாக்கியது. ஆயிரக்கணக்கான சொற்களுக்கு மனிதர்களைக் கொண்டு மதிப்பெண் போட்டுவைத்த அகராதி அதன் அடித்தளம். நல்லது என்பதற்கான ஆங்கிலச் சொல்லுக்கு 1.9. கெட்டது என்பதற்கு −2.5. சொல்லுக்கு முன்னால் எதிர்மறை வந்தால் அந்த எண்ணை −0.74ஆல் பெருக்கும். நல்லதில்லை என்பது சுமார் −1.4 ஆகிறது, சரி. கெட்டதில்லை என்பது +1.85 ஆகிறது. அதாவது நல்லது என்பதற்கும் கெட்டதில்லை என்பதற்கும் இடையில் அந்தக் கருவி காணும் தூரம் 0.05. சாப்பிட்டு முடித்த ஒருவர் தோளை லேசாகக் குலுக்கி மோசமில்லை என்றதை, அது மனசாரச் சொன்ன பாராட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைக்கிறது. அதே கருவியில் நுட்பமான விதி ஒன்றும் உண்டு. ஆனால் என்ற பொருளுடைய சொல் நடுவில் வந்தால், அதற்கு முன்னால் உள்ளவற்றின் மதிப்பைப் பாதியாக்கும், பின்னால் உள்ளவற்றை ஒன்றரை மடங்காக்கும். மனிதர்கள் உண்மையில் அப்படித்தான் பேசுகிறோம். ருசி இருந்தது ஆனால் நேரமாயிற்று என்பவர் மறுபடி வர யோசிப்பார். நேரமாயிற்று ஆனால் ருசி இருந்தது என்பவர் வந்துவிடுவார். இரண்டு வாக்கியத்திலும் இருப்பவை அதே சொற்கள்.

இன்றைய பெரிய மொழி மாதிரிகள் இதைவிட நுட்பமாகப் படிக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் தமிழில் ஒரு கருத்தின் மனநிலை தனிச்சொல்லில் தங்குவது குறைவு. ஒட்டிக்கொண்டிருக்கும் துணுக்கில் தங்குகிறது. சாப்பாடு நன்றாக இருந்தது என்பது பாராட்டு. சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது என்றால் கேட்பவர் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருக்கவேண்டும், அங்கே ஒரு குறை வரப்போகிறது. சாப்பாடாவது நன்றாக இருந்தது என்றால் மற்ற எல்லாம் கெட்டுப்போன ஒரு கல்யாணத்தையே சொல்லிவிட்டார். மூன்றிலும் எதிர்மறைச் சொல் ஒன்றுகூட இல்லை. இதன் மறுபக்கத்தில் இளைஞர்களின் பேச்சு இருக்கிறது. பயங்கரமாக இருந்தது, மிரட்டிவிட்டான், கொன்னுட்டான், வெறித்தனம் என்பவையெல்லாம் மனம் நிறைந்து சொல்வது. 2020இல் ஆய்வாளர்கள் தமிழும் ஆங்கிலமும் கலந்த யூடியூப் கருத்துகள் 15,744ஐத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் மனிதர்களை வைத்துக் குறியிட்டார்கள். நேர், எதிர் என்ற இரண்டு பெட்டிகள் போதவில்லை. கலவையான உணர்வு என்று தனியாக ஒரு பெட்டி வைக்கவேண்டியிருந்தது.

நம் வழக்கில் இன்னொரு விசேஷம் உண்டு. விற்கிறவரும் கொடுக்கிறவரும் எதிர்மறையைத் தவிர்ப்பார்கள். அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்லாமல் நிறைந்திருக்கிறது என்பது பல வீடுகளின் வழக்கம். விளக்கை அணை என்னாமல் குளிரவை என்பார்கள். நன்னூல் இதற்கு மங்கலம் என்று பெயரிட்டுத் தகுதி வழக்கில் வைத்திருக்கிறது. வாங்குகிறவரும் உண்கிறவரும் நேர்மாறாக, தங்களுடைய உயர்ந்த பாராட்டை எதிர்மறையில் சொல்வார்கள். பந்தியிலிருந்து எழும் பெரியவர், ஒரு குறையும் இல்லை என்பார். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்பார். நேராகப் புகழ்ந்தால் கண்பட்டுவிடும் என்ற அச்சம் அதற்குள் இருக்கிறது. சமைத்தவரின் கையை நினைத்தே அந்த அடக்கம். இல்லை என்ற சொல்லை வீட்டுக்காரர் விலக்குவதும் விருந்தாளி எடுத்துப் பேசுவதும் ஒரே அக்கறையின் இரண்டு வடிவங்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சொற்களை எண்ணுகிற எவருக்கும், அது மனிதரானாலும் கருவியானாலும், விருந்தாளியின் வாக்கியத்தில் கிடைப்பது குறை என்ற சொல்லும் இல்லை என்ற சொல்லும்தான்.

இந்த நுட்பத்தில் நாம் பழகியவர்கள். புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பேசுகிறார். உன் வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவல் உள்ள அரண்மனையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன. நேர்மறைச் சொல் அத்தனையும் தொண்டைமானுக்கு, எதிர்மறை அனைத்தும் தன் தலைவனுக்கு. தீர்ப்பு என்ன என்பது அவையில் இருந்த எல்லோருக்கும் விளங்கியிருக்கும். போருக்கே போகாத வேல் எது என்று தெரிந்த காதுகள் அவை. சூழலை அறியாத காதுக்கு அந்தப் பாட்டு வெறும் ஆயுதப் பட்டியல்.

சொல்லின் செல்வாக்கு எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1988இல் இர்வின் லெவினும் கேரி கேத்தும் கொத்திய மாட்டிறைச்சியை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 75 சதவீதம் கொழுப்பில்லாதது என்று சிலருக்கும், 25 சதவீதம் கொழுப்பு உள்ளது என்று சிலருக்கும் சொன்னார்கள். முதல் பெயர் கேட்டவர்கள் இறைச்சியை உயர்வாக மதித்தார்கள். முக்கியமான செய்தி அடுத்தது. சாப்பிட்டுப் பார்த்த பிறகு அந்த வித்தியாசம் சுருங்கியது. முழுக்க மறையவில்லை, ஆனாலும் நாக்கு ஓரளவு தன் கருத்தைத் தானே வைத்துக்கொண்டது. மற்றவர்களின் கருத்துகளைப் படித்து முடிவெடுப்பவர் யார்? இன்னும் சாப்பிடாதவர். சொல்லுக்கு எதிராக நிறுத்த அவரிடம் சொந்த ருசி எதுவும் இல்லை. 2006இல் ஜூடித் ஷெவாலியேயும் டினா மேஸ்லினும் இரண்டு பெரிய இணையப் புத்தகக் கடைகளின் விமர்சனங்களை ஒப்பிட்டார்கள். ஐந்து நட்சத்திர விமர்சனம் விற்பனையை ஏற்றுவதைவிட ஒற்றை நட்சத்திர விமர்சனம் அதிகமாகப் பாதிக்கிறது என்று கண்டார்கள். கோபத்தில் எழுதிய நாலு வரி, அதை எழுதியவர் மறந்த பிறகும் முன்பின் தெரியாதவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும்.

கேட்கிறவர் நல்லதை முதலில் கேட்டால்? ஸ்டெர்லிங் போனும் மற்றவர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பார்த்தது. கருத்துப் படிவத்தின் தொடக்கத்தில், எது நன்றாக நடந்தது என்று திறந்த கேள்வியாகக் கேட்டு வாடிக்கையாளரை எழுதவைத்தார்கள். அப்படி எழுதியவர்கள் பிற்பாடு அதிகமாக வாங்கினார்கள். நல்லதை நினைவுகூர்ந்து தன் கையால் எழுதியவருக்கு அந்த நினைவு கூடவே தங்கிவிடுகிறது போலும். இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் கலக்கமும் சேர்ந்தே வந்தன. பாராட்டவும் இடம் தரும் கேள்வி நியாயமானது; சமைத்தவர், துடைத்தவர், சுமந்துவந்தவர் செய்த நல்ல வேலையும் எழுத்தில் ஏறவேண்டும். ஆனால் அதே கேள்வி, குறையைக் கேட்காமலே விற்பனையை ஏற்றும் உபாயமாகவும் ஆகலாம். நல்லதைக் கேட்டுவிட்டு அங்கேயே படிவத்தை முடித்துக்கொள்பவர் வாடிக்கையாளரின் நினைவைத் திருத்தி எழுதுகிறார். நல்லதைக் கேட்டவர் அடுத்த வரியிலேயே, எது சரியாக நடக்கவில்லை என்றும் கேட்டால் மட்டுமே அது நேர்மை.

கருத்துச் சொற்களில் இன்னொரு பிரிவினை எனக்கு நேர், எதிர் என்பதைவிடப் பெரிதாகப் படுகிறது. சப்ளையருக்கு மரியாதை தெரியவில்லை என்று ஒருவர் எழுதுகிறார். இரண்டு முறை கூப்பிட்டும் சப்ளையர் வரவில்லை என்று இன்னொருவர் எழுதுகிறார். உணர்வின் எடை ஒன்றாகவே இருக்கலாம். முதலாவது ஒரு மனிதனின் குணத்தின் மேல் வைத்த தீர்ப்பு, அதற்கு அவனால் பதில் சொல்ல முடியாது. இரண்டாவது நடந்த ஒன்று. ஏன் வரவில்லை என்று கேட்கலாம். ஒன்பது மேசைக்கு ஒரே ஆள் என்று தெரியவரலாம். இன்னொருவரை வேலைக்கு வைக்கலாம். எப்படி இருந்தது என்று கேட்டால் முதல் வகைப் பதில் வரும். என்ன நடந்தது என்று கேட்டால் இரண்டாவது வகை வரும். நம் கேள்விகளில் பெரும்பாலானவை எப்படி என்றே தொடங்குகின்றன. விருந்து சமையல்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. பந்தி முடிந்ததும் எடுத்துப் போகும் எச்சில் இலைகளைப் பார்ப்பார்கள். எந்தக் கறி இலையில் மிஞ்சியது, எது மறுபடி கேட்கப்பட்டது என்பதில் அவர்களுக்குத் தேவையானது எல்லாம் இருக்கிறது. அது நடந்தது, அதற்கு வார்த்தை இல்லை, ஆகவே வார்த்தையின் சாய்வும் இல்லை.

எல்லோராலும் இலையைப் பார்க்க முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். அதனால் கருத்துகளைச் சம்பளமாகவும் ஊக்கத்தொகையாகவும் வேலைநீக்கமாகவும் மாற்றுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்று. ஒரு தொழிலாளியின் பெயருக்கு எதிரே 3.8 என்று எண் எழுதும்போது, அது எந்த வாக்கியத்துக்கு வந்த பதில், எந்த அளவுகோலில், எந்த மொழியில் கேட்கப்பட்டது என்பதையும் அந்த எண்ணோடு சேர்த்தே எழுதவேண்டும். அந்தத் தாள் அவருடைய கைக்கும் போகவேண்டும். கேள்வியைப் பார்த்த பிறகு, இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் யாரும் 5 போடமாட்டார்கள் ஐயா என்று அவர் சொல்லலாம். அந்த ஒரு வரியையும் கருத்தாகப் பதிவுசெய்ய அந்தத் தாளில் இடம் விட்டிருக்கவேண்டும்.